புது டிவில ரெண்டு ஓட்டை இருக்குது, எதுல சொருகுனாலும் சேனலே வரமாட்டீங்குதுங்

மூலனூர்க்காரன் | ஞாயிறு காலை

வணக்கமுங். என்ற அப்புச்சிக்குப் போன வாரம் புது டிவி ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், 43 இஞ்சு. நான் திருப்பூருல பனியன் கம்பெனில இருக்கறேன், அவரு மூலனூருக்கு அக்கட்டால தோட்டத்துச் சாளைல தனியாத்தான் இருக்கறாரு, அம்மிச்சி போனதுல இருந்து பேச்சுத் தொணைக்கு ரெண்டு எருமையும் ஒரு ரேடியோவுந்தான். பழைய பெட்டி டிவி ஆடி மாசம் பொகஞ்சு போச்சு. சரி நோம்பிக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்னு வாங்கிட்டேன்.

விசயம் என்னன்னா, ஆசாரத்துச் செவுத்துல இருந்து ஒரு வெள்ள வயரு வருதுங், இதுதான் ஏரியல் வயருன்னு அப்புச்சி எடுத்துக் குடுத்தாரு. டிவிக்குப் பின்னால ரெண்டு ஓட்டை. ஒண்ணு வழுவழுன்னு இருக்குது, ஒண்ணுல மரை இருக்குது. வழுவழு ஓட்டைல வயரு கிச்சுனு போய் உக்காந்துக்குச்சு. மெனுல ஆண்டெனான்னு குடுத்துத் தேடுனா 0 சேனல். கேபிள்னு குடுத்துத் தேடுனாலும் 0. சேட்டிலைட்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு மரை ஓட்டைல மாட்டணும்னு சொல்லுது, இந்த வயரு அதுல போகமாட்டீங்குது. நீலக் கலருல "சிக்னல் இல்லை"னு மட்டும் நிக்குது. கடைக்கு போன் போட்டா ஆளு வருவாங்கன்னாங்க, நாலு நாளாச்சு, ஆளும் இல்ல பேரும் இல்ல.

அப்புச்சி வேற, "பழைய பொட்டில புள்ளி புள்ளியாவாச்சும் ஓடுச்சு, முப்பதாயிரம் குடுத்து வாங்கிட்டு வந்தியே, இதுல புள்ளி கூட வரலையே"ங்கறாரு. மானமே போச்சு. ஆராச்சும் சொல்லுங்க.

பீளமேடு_இஞ்சினியர்

டிவிக்குள்ள சேனல் புடிக்கற ட்யூனர் போயிருக்கும் ப்ரோ. மொதல்ல பேக்டரி ரீசெட் பண்ணுங்க, அப்பறம் சாப்ட்வேர் அப்டேட். அதுலயும் வரலன்னா பீஸ் டிபெக்ட், பத்து நாளைக்குள்ள ரிட்டர்ன் போட்டுருங்க.

மூலனூர்க்காரன்

ரீசெட் பண்ணுனேனுங்ணா. அப்டேட்டுக்கு என்ற போன்ல இருந்து நெட்டு குடுத்தேன், தோட்டத்துல ஒத்தக் கோடுதான் சிக்னலு, முக்கா மணி நேரம் சுத்துச்சு, அன்னைக்கான டேட்டாவும் முச்சூடும் போச்சு. இப்பவும் 0 சேனல்தான். ரீசெட் பண்ணுனதுல பாசை வேற இந்திக்கு மாறிப்போச்சு, அதத் தமிழுக்குக் கொண்டாரதுக்கே அரை மணி நேரம்.

டிஷ்_சித்தப்பா

டிவிய உட்டுப்போட்டு வயரப் பாருங்க தம்பி. நான் உடுமலைல பதினெட்டு வருசமா டிஷ் மாட்டிட்டிருக்கறேன். புது டிவி வாங்குனவங்கள்ல பாதிப் பேரு இந்த ரெண்டு ஓட்டைலதான் கொழம்புறாங்க.

வழுவழுன்னு இருக்கறது ஆண்டெனா, இல்லாட்டி கேபிள் லைனு. அமுத்திச் சொருகற பின்னு. மரை இருக்கறது டிஷ்ஷுக்கு, அதுல திருகற பின்னு, நடுவுல ஒத்தச் செம்புக் கம்பி மட்டும் நீட்டிட்டு இருக்கும். ரெண்டும் ஒரே மாரி வயருதான், ஆனா உள்ள ஓடறது வேற வேற. கேபிள், ஆண்டெனா ரெண்டும் சுமாரா 47ல இருந்து 862 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். டிஷ்ல இருந்து எறங்கறது 950ல இருந்து 2150. அதும்போக மரை ஓட்டைல இருந்து டிவியே மேல கரண்டு அனுப்பும், 13 வோல்ட் இல்லாட்டி 18 வோல்ட், டிஷ்ஷு மூக்குல சிக்னலப் புடிச்சுக் கீழ எறக்கற டப்பா, எல்என்பி, அது ஓடறதுக்கு. அதனால கண்டத அதுல மாட்டிப் பாக்காதீங்க.

இப்ப ரெண்டே கேள்வி. ஒண்ணு, அந்த வெள்ள வயரு மறுமுனை எங்க போகுது? ரெண்டு, கேபிள்காரருக்கு மாசாமாசம் காசு குடுக்கறீங்களா?

மூலனூர்க்காரன்

மறுமுனை செவுத்துக்குள்ள போகுதுங்ணா. அதுக்கு மேல தெரியல. கேபிளு எப்பவோ நின்னு போச்சுங்கறாரு. டிஷ்ஷெல்லாம் இல்ல. அதே ஓட்டைல கருப்பு வயரு ஒண்ணும் வருது, ஒல்லியா, முனையில ஒண்ணுமே இல்ல, வெட்டி உட்டாட்ட இருக்குது, சுண்ணாம்பு அடிக்கறப்ப அதுமேலயும் சேத்து அடிச்சுட்டாங்க.

பவானி_ஜமுக்காளம்

இந்த இழைலயே கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்டுலயும் புது டிவி, ஆனா கேபிள் பாக்ஸ் இருக்குது. பழைய டிவில இருந்த மஞ்ச, வெள்ள, செகப்பு வயர அப்படியே எடுத்து மாட்டுனேன். சத்தம் நல்லா வருது, படம் மட்டும் கருப்பு வெள்ளை! எங்க மாமியார் எம்சியார் காலத்துப் படம் போலன்னு ஒரு நாள் முழுக்கப் பாத்துட்டு, நியூஸ் வாசிக்கறவங்களும் கருப்பு வெள்ளைல வந்ததுக்கப்பறந்தான் என்னைக் கூப்புட்டாங்க.

பழைய_ரேடியோ

அம்மா, மஞ்ச வயர எதுல சொருகியிருக்கீங்க? அந்த ஓட்டை பாதி பச்சை பாதி மஞ்சளா இருக்குதா?

பவானி_ஜமுக்காளம்

ஆமாங்கய்யா! பச்சைதான் எச்சா இருக்குது, ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம். மஞ்சளுக்குன்னு தனியா ஓட்டையே இல்ல.

பழைய_ரேடியோ

அதேதான். எடம் மிச்சம் பண்ணறதுக்கு ரெண்டு வேலைக்கு ஒரே ஓட்டை வெச்சிருக்கறான். பச்சை, நீலம், செகப்புன்னு மூணு வயருல படம் வர்ற மொறை ஒண்ணு இருக்குது, அதுல பச்சைல வெளிச்சம் மட்டுந்தான் வரும், கலரு மத்த ரெண்டுலயும் வரும். அதுக்குப் பேரு காம்போனன்ட்டு. நீங்க மஞ்ச ஒத்த வயரச் சொருகிப்போட்டு டிவியக் காம்போனன்ட்டுன்னு வெச்சிருக்கீங்க. அது வெளிச்சத்த மட்டும் எடுத்துக்குது, கலருக்கு நீலத்தையும் செகப்பையும் தேடுது, அங்க ஒண்ணும் இல்ல. வயருல கைய வெக்க வேண்டாம், ரிமோட்டுல சோர்ஸ் அமுத்தி ஏவின்னு மாத்துங்க.

அதுலயும் கலரு வரலைன்னா மெனுல கலர் சிஸ்டம்னு இருக்கும், அதப் பால்னு (PAL) வெச்சுப் பாருங்க. பாக்ஸுல எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா இந்த மூணு வயரையும் தூக்கி அட்டாலில போட்டுட்டு அந்த ஒரு வயரு வாங்கிக்கறது உத்தமம்.

பவானி_ஜமுக்காளம்

அய்யா வந்துருச்சு!! ஏவின்னு வெச்சதும் கலரு வந்துருச்சு. ரெண்டு நாளாக் கேபிள்காரரத் திட்டிட்டிருந்தேன், பாவம். மாமியாருக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தம், பழைய படம் போடறாங்கன்னு சந்தோசமா இருந்தாங்க.

பீளமேடு_இஞ்சினியர்

மூலனூர் ப்ரோ, சிக்னல் வீக்கா இருக்கும். ஒரு பூஸ்டர் வாங்கி நடுவுல போடுங்க, ஆன்லைன்லயே கெடைக்குது.

டிஷ்_சித்தப்பா

வேண்டாம். வயரு எங்க போகுதுன்னே தெரியாம பூஸ்டர் வாங்கறது, வத்துன கெணத்துல அஞ்சு எச்பி மோட்டாரு எறக்குனாட்ட.

மூலனூர்க்காரன் | புதன் ராத்திரி

சித்தப்பா கோவிச்சுக்காதீங்க, நீங்க எழுதறதுக்கு முன்னாலயே தாராபுரத்துல ஒரு கடைல பூஸ்டர் வாங்கிப்போட்டேன், 480 ரூவா. மாட்டுனேன். பச்சை லைட்டு ஒண்ணு எரியுது. அவ்ளோதான்.

அப்புச்சி அந்த லைட்டப் பாத்துட்டு "லைட்டு வந்துருச்சு, இனி படம் வந்துரும்"னு சாய்வுநாற்காலியப் போட்டுட்டு உக்காந்துட்டாரு. ஒம்பது மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டு ஒண்ணுஞ் சொல்லாம எந்திரிச்சுப் போய்ப் படுத்துக்கிட்டாரு. எனக்கு ஒரு மாரி ஆயிருச்சுங்.

பழைய_ரேடியோ

சாமி, நான் தாராபுரத்துல 1985ல இருந்து ரேடியோ, டிவி ரிப்பேரு பாத்தவன், இப்ப கண்ணு தெரியாம உட்டுட்டேன். நீ முதல்ல எழுதுனதுல ஒரு வார்த்தைய ஆரும் கவனிக்கல. பழைய பொட்டில புள்ளி ஓடுச்சுன்னு உங்கப்புச்சி சொன்னாரில்ல. அது படம் மங்கலா வர்றது இல்ல கண்ணு, ஒண்ணுமே வராததுதான் அந்தப் புள்ளி. சிக்னலு இல்லைன்னா பழைய ட்யூனரு வெறுங்காத்துல இருக்கற இரைச்சலையே பெருசு பண்ணித் திரைல கொட்டும், உஸ்ஸுன்னு சத்தத்தோட. இப்ப வர்ற டிவி அப்படி இருந்தா மறைச்சுட்டு நீலத் திரையப் போட்டுரும். ஆக ரெண்டு டிவியும் ஒரே விசயத்தத்தான் சொல்லுது, அது அழுது சொல்லுச்சு, இது மரியாதையாச் சொல்லுது.

இப்ப ஒண்ணு கேக்கறேன். அந்த வெள்ள வயரு முனைல இருக்கற பின்னு எப்படி இருக்குது, பிளாஸ்டிக்கா, வளைஞ்சாப்லயா? அந்த வயர எந்த வருசம் இழுத்தாங்கன்னு அப்புச்சியக் கேளு. கேட்டுட்டு வயரப் புடிச்சுக்கிட்டே போ. செவுத்துக்கு அந்தப் பக்கம் பொடக்காலில எங்கியாச்சும் வெளிய வந்துதான் ஆகணும்.

காத்தாடிப்பய

போறப்ப ஏணியப் புடிக்க ஒரு ஆளு வெச்சுக்கங்க தல. நான் இங்க காத்தாடி கம்பெனில எம்பது மீட்டரு மேல ஏறி எறங்கறவன், ஆனா ஓட்டு வில்லை மேல ஏறச் சொன்னா ஏற மாட்டேன், பாசி புடிச்சிருந்தா வழுக்கிட்டுப் போயிரும். ஈபி லைனு பக்கத்துல போகுதான்னும் பாத்துக்கங்க, பழைய இரும்புக் குழாயத் தெரியாமச் சாச்சு லைனுல பட்டுதுன்னா அவ்ளோதான்.

மூலனூர்க்காரன் | சனிக்கெழம மத்தியானம்

அட கெரகமே. உக்காந்து சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல, முழுசா எழுதறேன் படிங்க.

இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். வெள்ள வயரு பொடக்காலிச் செவுத்துல வெளிய வந்து, கட்டுத்தாரை ஓரமாப் போயி, ஓட்டுக்கு மேல ஏறுது. ஏணி போட்டு மச்சுனன் ஒருத்தனப் புடிச்சுக்கச் சொல்லிட்டு எட்டிப் பாத்தா, மோட்டுவளைக்குப் பின்னால ஒரு இருவதடிக் குழாயி, அதோட உச்சில பழைய அலுமினிய ஆண்டெனா! அந்த மீன் முள்ளாட்ட இருக்குமே, அதேதான். மீன் முள்ளுன்னு கூடச் சொல்ல முடியாது, மூணு முள்ளுதான் மிச்சம், அதுலயும் ஒண்ணு தொங்குது. அதுமேல ஒரு மயிலு உக்காந்துக்கிட்டு என்னை வெறிச்சுப் பாக்குது. மிச்ச முள்ளெல்லாம் மயிலு உக்காந்து உக்காந்து வளைஞ்சு உளுந்திருக்குது, கீழ சாணி வழிக்கற கம்பி ஒண்ணு எங்கம்மா காலத்துல இருந்து இருக்குது, அது எங்கிருந்து வந்துதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

குழாயத் தெக்க பாத்து இரும்புக் கம்பில இழுத்துக் கட்டியிருக்குது. அப்புச்சியக் கேட்டேன். "உங்கம்மா கண்ணாலத்துக்கு முந்துன வருசம் போட்டது, கொடைக்கானலு அப்பத்தான் நல்லா எடுக்கும்"னு ரொம்பப் பெருமையாச் சொல்றாரு. கருப்பு வயரு வேப்ப மரம் வழியாப் போயி ரோட்டுக் கம்பம் இருந்த எடத்துல அந்தரத்துல தொங்குது. ரோடு அகலம் பண்ணறப்ப கம்பத்தப் புடுங்கிட்டாங்களாமா. அதான் கேபிளு.

அப்ப நான் ஒரு வாரமா, பூஸ்டரோட சேத்து, மயிலுக்கு டிவி கனெக்சன் குடுத்திட்டிருந்தேன்.

காத்தாடிப்பய

மயிலு என்ன சேனல் பாக்குதாமா 😂😂

பழைய_ரேடியோ

நெனச்சேன். தெக்க பாத்துக் கட்டுன குழாயின்னா வேற என்ன.

உங்கப்புச்சி சொல்றது அத்தனையும் நெசம் கண்ணு, காலந்தான் தப்பு. நம்ம தாராபுரத்துக்குக் கொடைக்கானலு நேர் தெக்க, காக்கா பறக்கற தூரத்துல அம்பத்தஞ்சு கிலோமீட்டர் சுமாரு. மலை மேல டவரு, நம்முளுக்கும் அதுக்கும் நடுவுல மறைப்பு ஒண்ணும் இல்ல. அந்த டவரு வந்தப்பறம் இந்தப் பக்கம் சாளைக்குச் சாளை குழாயி நட்டாங்க, எல்லா முள்ளும் தெக்க பாத்துத்தான் நிக்கும். ஊருக்குப் புதுசா வந்தவன் தெசை கேட்டா ஆண்டெனாவக் காட்டுவோம். வெள்ளிக்கெழம ஒளியும் ஒலியும் போடறதுக்கு முன்னால என்ற சைக்கிள் நிக்கவே நிக்காது, காத்துல திரும்பிக்கிச்சு, காக்கா உக்காந்துருச்சு, வாங்க வாங்கன்னு கூப்புடுவாங்க. ஒருத்தன் மேல குழாயத் திருக, ஒருத்தன் சன்னல்ல நின்னுக்கிட்டு "வந்துருச்சு, வந்துருச்சு, அய்யோ போச்சு"ன்னு கத்த, கீழ அம்பது பேரு உக்காந்திருப்பாங்க.

அந்த ஒளிபரப்பு இப்ப இல்ல. தூர்தர்சன் தன்னோட பழைய அனலாக் டவருகள ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வந்து 2022ஓட எல்லையோரம் மாரி கொஞ்ச எடம் போக மத்ததெல்லாம் மூடிருச்சு. உங்க ஆண்டெனாவுல பத்து முள்ளும் புதுசா இருந்தாலும் புடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

பீளமேடு_இஞ்சினியர்

ஆனா டிஜிட்டல்ல ஆண்டெனா வழியா வருதே? டிவிபி டி2ன்னு நம்ம டிவிலயே ட்யூனர் இருக்குதுங்களே. நான் சொன்னது முழுசாத் தப்புன்னு சொல்ல முடியாது.

பழைய_ரேடியோ

இருக்குது தம்பி. 2016ல தூர்தர்சன் அத 16 நகரத்துல ஆரம்பிச்சுது, தமிழ்நாட்டுல சென்னை மட்டுந்தான் அந்தப் பட்டியல்ல. மூலனூருல மயிலு மேல ஆண்டெனா வெச்சாலும் அது வராது. பூஸ்டரு காச நீங்க குடுத்துருங்க, கணக்கு நேராயிரும்.

பீளமேடு_இஞ்சினியர்

🙏 ஒத்துக்கறேங்க.

மூலனூர்க்காரன்

அப்ப இப்ப என்னதாங் பண்ணறது. கேபிள்காரர் இந்தப் பக்கம் லைனே இல்லைங்கறாரு, ரெண்டு சாளைக்காக எட்டுக் கம்பம் நட முடியாதுன்னுட்டாரு. அப்புச்சிக்கு மாசாமாசம் ரீசார்ஜ் எல்லாம் புடிக்காது, "காத்துல வர்றதுக்கு என்னத்துக்குக் காசு"ங்கறாரு.

டிஷ்_சித்தப்பா

அப்படின்னா அவருக்குன்னே ஒண்ணு இருக்குது. டிடி ப்ரீ டிஷ், தூர்தர்சனோட டிஷ் சேவை. 2004 டிசம்பருல ஆரம்பிச்சது, மாசக் காசு கெடையாது. டிஷ்ஷும் எல்என்பியும் வயரும் வாங்குனா முடிஞ்சுது. உங்க புது டிவில மரை ஓட்டை இருக்குதில்ல, சேட்டிலைட் ட்யூனரு உள்ளயே இருக்குதுன்னு அர்த்தம், பாக்ஸு கூட வேண்டாம். ஆனா முன்னாலயே சொல்லிப்போடறேன், அதுல தமிழ் சேனல் கம்மி. டிடி தமிழ் வரும், நம்ம பொதிகைதான், 2024 ஜனவரில இருந்து அந்தப் பேரு. சன் டிவி மாரி காசு சேனலெல்லாம் வராது.  அவரு என்ன பாப்பாரு?

மூலனூர்க்காரன்

நியூஸு, பழைய பாட்டு, வெவசாயம். சீரியல் பாக்க மாட்டாருங், அம்மிச்சிதான் பாக்கும்.

டிஷ்_சித்தப்பா

அப்ப போதும், போடலாம். சொல்றதக் கேட்டுக்கங்க.

ஓட்டு மேல டிஷ்ஷ வெக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து ஆடி மாசம் நம்ம பக்கம் என்ன பண்ணுமுன்னு உங்குளுக்கே தெரியும், காத்தாடிப்பயலுக்குச் சோறே அதுல. காங்கிரீட்டு இருக்கற எடமாப் பாருங்க, மோட்டாரு ரூம் மேல இருந்தா ரொம்ப நல்லது, நாலு போல்ட்டும் காங்கிரீட்டுல எறங்கணும். டிஷ்ஷு ரெண்டு டிகிரி ஆடுனாப் போதும், படம் போயிரும்.

தெசை தென்கெழக்கு. ஜிசாட் 15ன்னு ஒரு செயற்கைக்கோள், 93.5 டிகிரி கெழக்குல நிக்குது. அந்தத் தெசைலயும் நல்லா மேல, தரைல இருந்து சுமாரா 67 டிகிரி. ஆனா கிண்ணத்தப் பாத்தா அவ்ளோ மேல பாக்கறாட்ட தெரியாது, பாதி வானத்தப் பாத்தாப்லதான் சாஞ்சிருக்கும், ஏன்னா இது மூக்க ஓரமா வெச்ச கிண்ணம், சிக்னலு மேல இருந்து வந்து சறுக்கிட்டு மூக்குக்குப் போகும். இது தெரியாம நெறையப் பேரு கிண்ணத்த வானத்தப் பாத்து மல்லாக்கப் போட்டுட்டுச் சேனல் வரலைங்கறாங்க. தென்ன மரம் தென்கெழக்குல இருந்தாலும் பயப்படாதீங்க, நாப்பதடி மரம் முப்பதடி தள்ளி இருந்தா மட்டை கூடக் குறுக்க வராது.

வயரு ஆர்ஜி 6 வாங்குங்க. அந்தக் கருப்பு ஒல்லி வயரையோ வெள்ள வயரையோ மறுபடி உபயோகப்படுத்தலாம்னு நெனைக்காதீங்க. அதுல மேல் அலைவரிசைல சத்தே இருக்காது, முப்பது வருசம் வெயில்ல கெடந்து உள்ள பச்சை பூத்திருக்கும். கடைல நடுக் கம்பிக்கு ஒரு காந்தத்த வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு. கிட்டன்னா அதும் ஓடும், தூரமுன்னா முழுச் செம்பு கேளுங்க, கரண்டு மேல போகணுமில்ல.

ஸ்ப்ளிட்டரு ஒண்ணும் நடுவுல வேண்டாம். அந்தப் பூஸ்டர எருமைக்குக் கழுத்துல கட்டுங்க.

மூலனூர்க்காரன் | அடுத்த ஞாயிறு சாயங்காலம்

போட்டாச்சுங், ஆனா வரல. தாராபுரத்துல இருந்து ஒரு பையன் வந்து மோட்டாரு ரூம் மேல டிஷ்ஷ நிறுத்திட்டு, வேற பக்கம் வேல இருக்குதுன்னு பாதில போயிட்டான், வயரு மட்டும் நீங்க மாட்டிக்கங்கன்னான். 22 மீட்டரு வயரு. பின்னு ரெண்டும் நானே திருகுனேன், அருவாமனைலதான் வயரச் சீவுனேன். மாட்டுன ஒடனே டிவில எல்என்பி ஷார்ட்டுன்னு என்னமோ எழுத்து வருது. டிவி போயிருச்சா?

டிஷ்_சித்தப்பா

போகல, அது சொல்லித் தப்பிச்சுக்கிச்சு. ஒடனே டிவிய ஆப் பண்ணிட்டு வயரக் கழட்டுங்க.

பின்னுக்குள்ள, நடுக் கம்பியச் சுத்தி வர்ற கம்பிச் சல்லடைல இருக்கற ஒரு மசுரு நடுக் கம்பிய தொட்டுட்டு இருக்கும். ரெண்டு முனையும் கழட்டி வெளிச்சத்துல பாருங்க. மேல் தோல ஒரு வெரக்கட அகலம் உரிச்சு, சல்லடைய முச்சூடும் பின்னால மடக்கி உடணும், ஒத்தக் கம்பி கூட முன்னால நிக்கக் கூடாது. வெள்ள ரப்பரு பின்னோட அடில சமமா நிக்கணும், நடுக் கம்பி பின்னு வாயில இருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் வெளிய. அருவாமனைல சீவுனா நடுக் கம்பில வெட்டு உளுந்திருக்கும், வளைச்சா ஒடிஞ்சுரும், அதனால ஒரு சாண் வெட்டிட்டுப் புதுசா பிளேடுல பண்ணுங்க. மேல டிஷ்ஷுகிட்ட இருக்கற பின்னுக்கு ரப்பர் உறை போடுங்க, வயர ஒரு வளையம் தொங்க உட்டு மாட்டுங்க, மழைத் தண்ணி அந்த வளையத்தோட அடில சொட்டிரும், பின்னுக்குள்ள போகாது.

மூலனூர்க்காரன்

டிவிகிட்ட இருந்த முனைலயே ஒரு மசுரு இருந்துதுங். பிளேடுல புதுசாப் பண்ணிட்டேன். ஷார்ட்டு போச்சு. இப்ப ஸ்ட்ரெங்த் 70 காட்டுது, குவாலிட்டி 0. தேடுனா சேனல் 0. நல்ல சிக்னலுதான காட்டுது?

டிஷ்_சித்தப்பா

ஸ்ட்ரெங்த் பேச்சு நம்பாதீங்க. வயரு எல்என்பி வரைக்கும் போயிருக்குதுன்னு மட்டுந்தான் அது சொல்லுது, டிஷ்ஷ எருமையப் பாத்துத் திருப்பி வெச்சாலும் 70 காட்டும். குவாலிட்டிதான் கணக்கு. மெனுல எல்என்பி 9750/10600ன்னு இருக்குதா, எல்என்பி பவர் ஆன்ல இருக்குதா, சிம்பல் ரேட் 29500ன்னு இருக்குதா பாருங்க. அதெல்லாம் சரின்னா பையன் டிஷ்ஷக் கையளவுல வெச்சுட்டு ஓடிட்டான்னு அர்த்தம். ஒரு ஆளு டிவிகிட்ட, ஒரு ஆளு டிஷ்ஷுகிட்ட, போன்ல பேசிக்கங்க. நட்ட லேசாத் தளத்தி, தென்கெழக்குல இருந்து அப்புடி இப்புடி ஒரு வெரக்கடையா நகத்துங்க, ஒவ்வொரு தடவையும் அஞ்சு செகண்டு நிறுத்துங்க. வெசையாத் திருகுனா வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

மூலனூர்க்காரன் | ராத்திரி 8.40

வந்துருச்சுங்ணா!!!

நான் மோட்டாரு ரூம் மேல, மச்சுனன் நடுவுல வரப்புல, அப்புச்சி டிவி முன்னால. போன்ல பேசலாம்னா சிக்னலு இல்ல, அதனால அப்புச்சி ஆசாரத்துல இருந்து கத்துவாரு, மச்சுனன் அத வாங்கி எனக்குக் கத்துவான். "சைபரு, சைபரு, பன்னண்டு, அய்யோ போச்சு, திருப்பு திருப்பு, நாப்பது, அம்பத்தெட்டு, நில்லு நில்லு அசையாத!" பழைய ரேடியோ அய்யா எழுதுனது அப்படியே நடந்துது. நட்ட இறுக்கறப்ப மறுபடி 40க்கு எறங்குச்சு, எதிர்ப் பக்கம் லேசாத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு இறுக்குனேன், இப்ப 64ல நிக்குது. தேடவுட்டா எம்பதுக்கு மேல சேனலு, முக்காவாசி இந்தி. டிடி தமிழ ஒண்ணாம் நம்பருக்குக் கொண்டாந்து வெச்சுட்டேன்.

நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அப்புச்சி ஒரு போஜ்புரிப் பாட்டப் பாத்துக்கிட்டு தாளம் போட்டுட்டிருக்காரு. பாசை புரியுதான்னா, "மாடு ஓட்டறான், அதுல என்ன பாசை"ங்கறாரு.

பவானி_ஜமுக்காளம்

ரொம்ப சந்தோசங்க தம்பி. எங்க மாமியார் கேக்கறாங்க, அந்த மயிலு என்னாச்சுன்னு.

மூலனூர்க்காரன்

அதுக்குத்தான் இன்னொரு கேள்வி இருக்குதுங். பழைய குழாயப் புடுங்கிரலாம்னு சொன்னேன், அப்புச்சி ஒரே புடியாக் கூடாதுங்கறாரு. அம்மிச்சி நகைய அடகு வெச்சுப் போட்ட ஏரியலாமா அது. மயிலும் சாயங்காலம் அதுமேலதான் வந்து உக்காருது, அது போனாக் களத்துல நெல்லு தின்னும், அங்க இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு. உட்டறலாமா? டிவிக்கு ஏதாச்சும் ஆகுமா?

பழைய_ரேடியோ

குழாயி இருக்கட்டும். ஆனா அந்த வெள்ள வயரு டிவியோட சேந்து இருக்கவே கூடாது, இடி இறங்குனா இருவதடிக் குழாயிதான் மொதல்ல வாங்கும், அந்த வயரப் புடிச்சுக்கிட்டு நேரா டிவிக்கு வந்துரும். வயர வெளியவே கழட்டி, செவுத்துக்குள்ள வர்றத முச்சூடும் உருவிப்போடு. குழாயோட அடிய ஒரு கம்பி வெச்சு மண்ணுல இறக்கு. இழுத்துக் கட்டுன கம்பி துருப்புடிச்சிருந்தாப் புதுசு கட்டு, மயிலோட சேந்து எருமை மேல உளுந்துரப் போகுது. இடி இடிக்கறப்ப டிஷ் வயரையும் திருகிக் கழட்டிட்டு, பிளக்கையும் புடுங்கச் சொல்லு அப்புச்சிய.

மூலனூர்க்காரன்

வெள்ள வயர உருவியாச்சுங்கய்யா. முப்பத்தாறு அடி இருந்துது. அப்புச்சி அத வீசக் கூடாதுன்னு சுருட்டி அட்டாலில வெச்சிருக்காரு, துணி காயப்போடற கொடிக்கு ஆகுமாமா.